கஸ்தோன் ஃபேபூஸ்: கஜானா நிறைந்தது, வாரிசு எங்கே?

சுவடிதேடி

நூறாண்டுப் போர் என்றாலே இங்கிலாந்து ராஜா, பிரான்ஸ் ராஜா என்று இரண்டு பேரை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். நடுவில் அகப்பட்டுக்கொண்ட சிறிய பிரபுக்கள் எப்படிப் பிழைத்தார்கள்? அதில் ஒருவனுக்காக இந்த இழை.

ஃபுவா, பெயார்ன் என்ற இரண்டு பகுதிகளின் பிரபு மூன்றாம் கஸ்தோன். 1331ல் ஒர்த்தேஸில் பிறந்தவன். ஃபேபூஸ் என்பது பின்னாளில் அவனே சூட்டிக்கொண்ட சூரியக் கடவுளின் பெயர். ஆணைகளிலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டான். 1343ல் ஸ்பெயினில் அல்ஹெசீராஸ் முற்றுகைக்குப் போன அப்பா திரும்பவில்லை. பையனுக்கு வயது 12. அம்மா எலியனோர் கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்து ஆட்சியைக் கையில் கொடுத்தாள்.

அவன் கைக்கு வந்தவை பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், கிழக்கே ஃபுவா, மேற்கே பெயார்ன். நடுவில் கொமாங்ஷ், பிகோர் என்று அடுத்தவர் நிலம். ஃபுவாவுக்கு மேலதிபதி பிரான்ஸ் ராஜா. பெயார்னோ, பழைய வழக்கப்படி இங்கிலாந்து ராஜாவின் அக்கித்தேன் பகுதிக்குக் கட்டுப்பட்டது. ஒரே ஆளுக்கு, ஒன்றோடொன்று சண்டை போடும் இரண்டு எஜமானர்கள்.

1347 செப்டம்பரில் பிரான்ஸ் ராஜாவின் தூதர் விசுவாசப் பிரமாணம் கேட்டு ஒர்த்தேஸுக்கு வந்தபோது பதினாறு வயதுப் பையன் சொன்ன பதில்தான் அவனுடைய முழு அரசியலும். ஃபுவாவுக்கு நான் ராஜாவின் ஆள், ஆனால் இப்போது நிற்பது பெயார்ன் மண்ணில், இதை நான் கடவுளிடமிருந்து மட்டுமே பெற்றிருக்கிறேன், வேறு எந்த மனிதரிடமிருந்தும் அல்ல என்றான். சாகும்வரை அந்த வார்த்தையிலிருந்து இறங்கவில்லை.

அப்படிப்பட்டவன் 1390 ஜனவரியில் துலூஸில் ஓர் ஒப்பந்தம் போட்டு, தன் காலத்துக்குப் பிறகு எல்லாம் பிரான்ஸ் ராஜாவுக்கே என்று எழுதிக் கொடுத்தான். எனக்குப் புரியாதது இதுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி தம்பி. பதில் 1347லேயே இருக்கிறது. தேதியைப் பாருங்கள். முந்தின வருஷம் கிரெசியில் பிரெஞ்சுப் படை நொறுங்கியது. அந்த ஆகஸ்டில் கலே விழுந்தது. செப்டம்பரில் இவன் வாய் திறக்கிறான். வீரம் என்பதைவிட, எதிராளி பலவீனமாக இருக்கும் வாரத்தைப் பார்த்து விலை பேசியது என்பேன்.

மறுபக்கமும் அதே கதைதான். 1364ல் இங்கிலாந்து ராஜாவின் மகன், அக்கித்தேனை ஆண்ட கறுப்பு இளவரசன் பிரமாணம் கேட்டபோது மார்சான், கபார்தான் என்ற சின்னப் பகுதிகளுக்கு மட்டும் மண்டியிட்டான். பெயார்னுக்கு? மாட்டேன் என்றான். இரண்டு எஜமானர்களிடமும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து, முக்கியமானதை மட்டும் கொடுக்கவே இல்லை.

அதன் பலன் பணம். சுற்றிலும் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தபோது பெயார்னில் சந்தை நடந்தது, மந்தைகள் மலையேறி இறங்கின. வீட்டுக்கு வீடு அடுப்புக் கணக்கில் வரி. ஆண்டுக்கு அடுப்புக்கு இரண்டு பிராங்க், ஊரில் வசதியானவன் இல்லாதவனையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று அந்தக் காலத்து வரலாற்றெழுத்தாளர் ஃபுருவாசார் எழுதுகிறார். 1385ல் பெயார்ன் முழுக்க எடுத்த அடுப்புக் கணக்கு இன்றும் இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை வீட்டில் புகை வருகிறது என்று தெரிந்து வைத்திருந்த பிரபுக்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்?

குறும்பன்

ஐயா, வரி மட்டும்தானா? அந்த ஆர்மன்யாக் விவகாரத்தைச் சொல்லுங்க. ஒரே நாள்ல லாட்டரி அடிச்ச கதை.

கணக்குப்பிள்ளை

லோனாக் சண்டை, 1362 டிசம்பர் 5. முதலில் பகையைச் சொல்லிவிடுகிறேன். பெயார்னின் ஏழாம் கஸ்தோன் 1290ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஒரு மகள் ஃபுவா வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், இன்னொருத்தி ஆர்மன்யாக் வீட்டில். சொத்து ஃபுவாவுக்குப் போனது. ஆர்மன்யாக்காரர்கள் மூன்று தலைமுறை அதை மறக்கவில்லை.

லோனாக்கில் ஃபேபூஸ் ஜெயித்ததோடு நிற்கவில்லை. ஆர்மன்யாக் பிரபு, அல்பிரே பிரபு உட்பட எதிர்ப்பக்கத்துப் பெரிய தலைகள் அத்தனையும் உயிரோடு பிடிபட்டன. கொல்லவில்லை. கொன்றால் என்ன வரும்? மீட்புப் பணமாக மொத்தம் 6,00,000 ஃப்ளோரின் தங்க நாணயத்துக்கு மேல் எழுதி வாங்கினான். தவணை முறையில். கடைசித் தவணை வரும்வரை கடன்காரன் மறுபடி வாளெடுக்க முடியாது.

அதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. கறுப்பு இளவரசனின் மனைவி தார்ப் ஊரில் இவனைச் சந்தித்து, எனக்கொரு வரம் தர வேண்டும் என்று பொதுவாகக் கேட்கிறாள். ஆர்மன்யாக்கின் பாக்கியை, அப்போது 2,50,000 பிராங்க், முழுக்கத் தள்ளச் சொல்வதுதான் அவள் திட்டம். இவனுக்கு வாசனை அடித்துவிட்டது. நான் எளியவன் அம்மா, பெரிய வரமெல்லாம் தாங்காது, 60,000 பிராங்குக்கு மேற்படாத வரம் என்றால் கேளுங்கள் என்றான். அவள் எத்தனை மன்றாடியும் 60,000க்கு மேல் ஒரு காசு தள்ளுபடியாகவில்லை.

நெய்தல்நிலா

ஐயா ரசித்துச் சொல்கிறீர்கள். இதே கணக்குப் புத்தி வீட்டுக்குள் என்ன செய்தது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா? நான் சொல்கிறேன்.

மனைவி ஆன்யேஸ், நவார் அரச குடும்பத்துப் பெண். கல்யாணம் 1349ல் பாரிஸில். பேசிய சீதனம் முழுதாக வந்து சேரவில்லை. பதின்மூன்று வருஷம் கழித்து, 1362 செப்டம்பரில், ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. அதே வருஷ முடிவில் அவளை ஒர்த்தேஸ் கோட்டையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தை அப்பாவிடம், அம்மா நவாரில் அண்ணன் வீட்டில். சீதன பாக்கி தீர்ந்தால் வரலாம். தீரவில்லை, அவளும் வரவில்லை.

வாரிசு பிறக்கும்வரை வைத்திருந்தான், பிறந்ததும் அனுப்பினான். லோனாக்கில் லட்சக்கணக்கில் வரவு எழுதிய அதே மாதம். வேறு பெண்களிடம் பிறந்த மகன்கள் ஈவேன், கிராசியேன் எல்லாம் கோட்டைக்குள்ளேயே செல்லமாக வளர்ந்தார்கள். இது தந்திரமா?

சுவடிதேடி

நெய்தல்நிலா அக்கா, ஃபுருவாசார் இதை வேறு மாதிரி சொல்கிறார். அல்பிரே பிரபுவின் மீட்புப் பணம் 50,000 பிராங்குக்கு ஆன்யேஸின் அண்ணன், நவார் ராஜா சார்ல், ஜாமீன் நின்றான். ‘கெட்டவன்’ என்று பட்டப்பெயர் வாங்கிய அதே சார்ல்தான். அல்பிரே பணத்தைக் கட்டிவிட்டான், சார்ல் அமுக்கிக்கொண்டான். வாங்கி வா என்று ஃபேபூஸ் மனைவியை அனுப்பினான். அண்ணனோ, அது உன் சீதனம், என் நாட்டை விட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டான். வெறுங்கையோடு திரும்பப் பயந்து அவள் அங்கேயே தங்கிவிட்டாள் என்பது அவர் கதை.

வடமராட்சியான்

உந்தக் கதையில தேதி இடிக்குதே அண்ணை. சண்டை டிசம்பர் 5ல. அதே மாத முடிவுக்குள்ள அல்பிரே தவணை கட்டி, சார்ல் அதை அமுக்கி, மனுசியை வசூலுக்கும் அனுப்பியாச்சோ? மீட்புப் பணப் பேச்சுவார்த்தையே அடுத்த வருசமும் நீண்டது.

ஃபுருவாசார் ஒர்த்தேசுக்கு வந்தது 1388 கடைசியில. எல்லாம் நடந்து இருபத்தஞ்சு வருசத்துக்குப் பிறகு. நடுச்சாமத்தில பந்தம் பிடிச்சபடி பன்னிரண்டு ஆக்கள் நிக்க பிரபு சாப்பிட வருவார், இவர் தன்ர நெடுங்கதையை வாசிச்சுக் காட்டுவார். போகேக்க 80 ஃப்ளோரின் அன்பளிப்பு. அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர் அந்த வீட்டு ஆக்கள் சொன்னதைத்தான் எழுதுவார். ‘பிரபு துரத்தினார்’ எண்டதை விட ‘மச்சான் பணத்தை அமுக்கினான்’ எண்டது கேக்க நல்லாத்தானே இருக்குது.

நெய்தல்நிலா

நன்றி அண்ணா. அதே எழுத்தாளரைத்தான் மகன் விஷயத்திலும் எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

குறும்பன்

மகன் விஷயம் என்னன்னு எனக்குத் தெரியாது. யாராச்சும் முழுசா சொல்லுங்க.

சுவடிதேடி

ஃபுருவாசார் சொன்னபடியே சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவரோடு வழித்துணையாக வந்த எஸ்பான் தெ லியோன் என்ற வீரர் வழி நெடுகக் கோட்டைக்கொரு கதை சொன்னவர். மகன் எப்படி இறந்தான் என்று கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றிவிட்டார். ஒர்த்தேஸில் ஒரு வயதான பணியாளர்தான் பிறகு சொன்னாராம்.

மகன் பெயரும் கஸ்தோன். அம்மாவைப் பார்க்க நவாருக்குப் போகிறான். கிளம்பும்போது மாமா சார்ல் ஒரு சின்னப் பையில் பொடி கொடுக்கிறான். அப்பா சாப்பாட்டில் தூவு, அம்மாமேல் மறுபடி ஆசை வரும், யாரிடமும் சொல்லாதே என்கிறான். பையன் நம்பிக் கழுத்தில் கட்டிக்கொண்டு வருகிறான். ஒன்றாகப் படுத்துறங்கும் ஈவேன் அதைப் பார்த்துவிடுகிறான். சில நாளில் பந்தாட்டத்தில் இருவருக்கும் சண்டை, கஸ்தோன் ஓர் அறை விடுகிறான். ஈவேன் அழுதுகொண்டே அப்பாவிடம் போய்ப் போட்டுக் கொடுக்கிறான்.

சாப்பாட்டு வேளையில் பரிமாறிக்கொண்டிருந்த மகனை அப்பா அருகே கூப்பிடுகிறார். சட்டையைத் திறந்து பையை அறுத்துப் பொடியை ரொட்டித் துண்டில் தூவி நாய்க்குப் போடுகிறார். நாய் விழுந்து செத்தது.

மகனைக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். அவனுடைய பணியாளர்களில் பதினைந்து பேருக்கு மரண தண்டனை. ஃபுவாவிலிருந்தும் பெயார்னிலிருந்தும் முக்கியஸ்தர்கள் வந்து, இருப்பது ஒரே வாரிசு, கொன்றுவிடாதீர்கள் என்று கெஞ்சினார்கள். பிரபுவும் இறங்கி வந்தார். ஆனால் பையன் சிறையில் சாப்பிடாமல் கிடந்தான். செய்தி வந்தபோது அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தாராம். அதே சின்னக் கத்தியோடு கோபமாக உள்ளே போய், ஏன் சாப்பிடவில்லை துரோகி என்று கழுத்தில் கையை வைத்துத் தள்ளினார். விரல்களுக்கு நடுவே ஒரு நாணயத்தின் தடிமன் அளவுக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்த கத்தி முனை நரம்பில் பட்டுவிட்டது. 1380 ஆகஸ்ட்.

கணக்குப்பிள்ளை

கத்தி முனை நாணயத் தடிமன்! கொலை என்று சொல்லாமல் கொலையைச் சொல்வதற்கு இதைவிட நேர்த்தியான வாக்கியம் எழுத முடியாது. அந்த வகையில் ஃபுருவாசார் கெட்டிக்காரர்.

வடமராட்சியான்

ஃபுருவாசார் கணக்கில பொடியனுக்கு 15, 16 வயசு. 1362 செப்டம்பரில பிறந்தவனுக்கு 1380 ஆகஸ்டில 18 ஆகப் போகுது. கலியாணமும் முடிஞ்சு போச்சு. பெண் ஆர்? ஆர்மன்யாக் வீட்டு பெயாட்ரிஸ். 1379ல ரெண்டு வீட்டாரும் சமாதானம் ஆனதுக்கு அடையாளமா நடந்த கலியாணம். மாமனார் வீடு ஆர்மன்யாக், தாய்மாமன் நவார் ராஜா, தாயைத் தகப்பன் துரத்தியிருக்கிறார். காதல் பொடி எண்டு நம்பிற சின்னப் பிள்ளையோ இது? லெஸ்கார் பிஷப்புக்கும் சதியில தொடர்பு எண்டு குற்றச்சாட்டு, அவர் நாட்டை விட்டே ஓடினவர். பிஷப் ஓடிறதுக்கு உள்வீட்டுச் சண்டை காணாது. வாரிசைச் சுத்தி ஒரு கட்சியே உருவாகியிருக்க வேணும் எண்டதுதான் என்ர எண்ணம்.

நெய்தல்நிலா

அப்படி ஒரு கட்சி இருந்தால் அதில் சேர மகனுக்கு எல்லா நியாயமும் இருந்தது என்பேன். கல்யாணமான வாரிசுக்கு ஆள ஒரு துண்டு நிலமாவது கொடுப்பது அந்தக் காலத்தில் பல வீடுகளில் வழக்கம். இந்த அப்பா எதையும் கையை விட்டு விடுகிறவர் இல்லை.

கணக்குப்பிள்ளை

அம்மா, ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அவன் ஆட்சியின் பலமும் ஓட்டையும் ஒன்றே. எல்லாம் அவன் ஒருவன் கையில். மந்திரி சபை, கூட்டம் எதற்கும் இடமில்லை. கடிதங்களைத் தானே படிப்பான், கணக்கைத் தானே பார்ப்பான், ஒற்றர்களைத் தானே வைத்திருப்பான். 1385ல் போர்ச்சுகலில் அல்ஜுபரோட்டா சண்டையில் பெயார்ன் வீரர்கள் பலர் மாண்டார்கள். செய்தி ஊருக்கு எட்டுமுன்பே இவனுக்குத் தெரிந்திருந்தது, ஏதோ ஏவல் பிசாசு வைத்திருக்கிறான் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். பிசாசும் இல்லை பூதமும் இல்லை, தூதர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தான்.

சிப்பிப்பாறை_ரசிகன்

நான் நாய்களுக்காக இந்த ஆளைப் படித்தவன். மகன் செத்து ஏழு வருஷம் கழித்து, 1387 மே 1ல், வேட்டை நூலை எழுதத் தொடங்குகிறார். பர்கண்டி கோமகன் ஃபிலிப்புக்குக் காணிக்கை. உலகத்தில் ஆயுதம், காதல், வேட்டை மூன்றிலும் மகிழ்ந்தேன், முதல் இரண்டில் என்னைவிடச் சிறந்தவர்கள் உண்டு, மூன்றாவதில் அப்படிச் சொல்ல மாட்டேன் என்கிற தொனியில் ஆரம்பம்.

நாய்ப் பராமரிப்புப் பகுதி அருமை. கொட்டில் எப்படி இருக்க வேண்டும், வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும், இரவில் ஒரு பையன் நாய்களோடேயே படுக்க வேண்டும், என்னென்ன நோய், என்ன மருந்து. வேட்டைக்காரனைப் பழக்க ஏழு வயதிலேயே சேர்க்கச் சொல்கிறார். அந்தச் சிறுவனுக்கு முதல் வேலை, எல்லா நாய்களின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடம் செய்வது. வலை, கண்ணி வைத்துப் பிடிப்பதை எழுதும்போது, இதைச் சொல்லித்தரவே மனசில்லை என்று முகம் சுளிக்கிறார். பனிப்பிரதேசக் கலைமானை (ரெயின்டீர்) நார்வே, சுவீடன் பக்கம் கண்டதாகவும் எழுதுகிறார். 1357-58ல் டியூடானிக் என்ற ஜெர்மானியச் சிலுவைப்போர் வீரர்களோடு பிரஷ்யப் படையெடுப்புக்குப் போன பயணத்தின் மிச்சம் அது. ஃபுருவாசார் அவருக்குக் கொண்டுபோன பரிசும் நாலு வேட்டைநாய்கள்தான்: திரிஸ்தான், ஹெக்தோர், ப்ரன், ரோலான்.

நெய்தல்நிலா

நாயோடு ஒரு பையன் இரவு முழுக்க இருக்க வேண்டும் என்று யோசித்தவர்!

சிப்பிப்பாறை_ரசிகன்

அக்கா, இதையும் கேளுங்கள். வேட்டை நூலோடு சேர்ந்தே அவருடைய பிரார்த்தனைகளும் இருக்கின்றன. நான் பாவி, என்னைக் கைவிடாதே என்று பக்கம் பக்கமாக. மகன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. படிக்கிறவர்கள் மகனைத்தான் நினைக்கிறார்கள்.

சுவடிதேடி

நன்றி. இப்போது 1390க்கு வருவோம். வாரிசு இல்லை. ஆன்யேஸ் உயிரோடு இருப்பதால் மறுமணமும் கிடையாது. சட்டப்படி அடுத்தவன் கஸ்தெல்போன் மத்தியூ. தூரத்துப் பங்காளி, ஃபேபூஸுக்கு அந்தக் கிளையையே ஆகாது. ஈவேன் மேல் பாசம், ஆனால் முறையாகப் பிறந்தவன் இல்லை. துலூஸ் ஒப்பந்தப்படி ஆறாம் சார்ல் ராஜா 1,00,000 பிராங்கும், பிகோரை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையும் தருகிறார். பதிலுக்கு ஃபேபூஸ் காலத்துக்குப் பின் எல்லாம் ராஜாவுக்கு.

கணக்குப்பிள்ளை

என் பார்வையில் அது கடைசி வியாபாரம். பங்காளிக்குப் போகவிடாமல் அடைத்தாயிற்று. பிகோர் கைக்கு வந்ததால் ஃபுவாவும் பெயார்னும் ஏறக்குறைய சேர்ந்தாயிற்று. ரொக்கமும் வந்தது. உயிரோடு இருக்கும்வரை எதையும் இழக்கவில்லை. பிறகு ராஜாவோடு பேசி ஈவேனுக்கு ஏதாவது வாங்கலாம் என்றும் நினைத்திருக்கலாம். அதற்கு நாள் கிடைக்கவில்லை.

வடமராட்சியான்

எனக்கு அது வியாபாரமாத் தெரியேல்லை ஐயா, கோபமாத்தான் தெரியுது. தனக்குப் பிறகு வீடு எக்கேடு கெட்டாலும் காரியமில்லை எண்ட கோபம். கடவுளிட்ட மட்டும் பெற்ற நாடு எண்டவர், ராஜாவிட்ட விக்கிறார்.

சுவடிதேடி

1391 ஆகஸ்ட் 1. கரடி வேட்டை முடிந்து ஓரியோன் என்ற சிற்றூரில் சாப்பிட உட்காருமுன் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அப்படியே சாய்ந்தவர் எழவில்லை. வயது 60.

பிறகு நடந்தது சினிமா. ஈவேன் செத்துக் கிடந்தவரின் மோதிரத்தையும், சாப்பாட்டு மேசையில் அவர் வழக்கமாக வைத்திருக்கும் கத்தியையும் அடையாளமாக எடுத்துக்கொண்டு ஒர்த்தேஸுக்குக் குதிரையில் பறக்கிறான். காவலனை ஏமாற்றிக் கோட்டைக்குள் நுழைந்து கஜானாவில் கைவைக்கப் பார்க்கிறான். அதற்குள் விஷயம் கசிந்து ஊர்க்காரர்கள் வாசலை மறித்துவிட்டார்கள். அந்தக் கோபுரத்தில் 30 லட்சம் ஃப்ளோரின் இருந்ததாக ஃபுருவாசாரிடம் சொல்லியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது சுமார் 7,37,000. குறைந்துபோனாலும், அப்போதைய பெரிய அரசர்களே கடனில் தத்தளித்தபோது ஒரு மலைப் பிரபுவிடம் அத்தனை ரொக்கம்.

குறும்பன்

அப்போ பிரான்ஸ் ராஜா வந்து எடுத்துக்கிட்டாரா?

சுவடிதேடி

இல்லை! அதுதான் விசேஷம். ஆகஸ்ட் மாதமே பெயார்ன் பிரதிநிதிகள் ஒர்த்தேஸில் கூடினார்கள். பெயார்ன் பேரவையின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். ஒப்பந்தத்தை ஏற்க மாட்டோம், முறையான வாரிசு மத்தியூதான் என்று நின்றார்கள். ஃபேபூஸ் நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம், பெயார்ன் எந்த ராஜாவுக்கும் கட்டுப்பட்டதில்லை என்பது, இப்போது அவர் கையெழுத்துக்கு எதிராகவே நின்றது. பாரிஸுக்குப் பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்துகொண்டான் மத்தியூ. ஈவேனுக்கும் கிராசியேனுக்கும் கஜானாவில் பங்கு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

கணக்குப்பிள்ளை

ஆக, அவர் பிடிக்காத பங்காளிக்கே போய்ச் சேர்ந்தது. பேரவையைக் கூட்டி ஆள விரும்பாதவர் செத்தபிறகு பேரவை பிறந்தது. தம்பி, 1390 பற்றிய உங்கள் கேள்விக்கு நான் சொன்ன பதிலைவிட இந்த 1391 ஆகஸ்ட் முக்கியம் என்று தோன்றுகிறது. நாட்டைத் தன் சொந்தப் பெட்டி மாதிரி வைத்திருந்தார், நாட்டார் அப்படி நினைக்கவில்லை.

நெய்தல்நிலா

ஈவேன் என்ன ஆனான்?

வடமராட்சியான்

பாரிசுக்குப் போய் ராஜாவோட ஒட்டிக்கொண்டவன். 1393 ஜனவரி 28, அரண்மனை விருந்தில ராஜாவும் அஞ்சு பேரும் காட்டுமனிதர் வேசம் போட்டு ஆடினவை. உடம்பு முழுக்கப் பிசினில ஒட்டின சணல். பந்தம் ஒண்டு கிட்ட வந்து தீப்பிடிச்சது. ராஜா தப்பினார். செத்த நாலு பேரில ஈவேனும் ஒருத்தன்.

குறும்பன்

பொடியைக் காட்டிக் குடுத்தவனா? அட கடவுளே.

சுவடிதேடி

மத்தியூவுக்கும் பிள்ளையில்லை. 1398ல் அவன் சகோதரி இசபெல்லாவுக்கும் அவள் கணவன் கிரைய்யி வீட்டு அர்ஷம்போவுக்கும் போனது. அந்த வழியில்தான் பின்னால் நவார் அரியணையும் சேர்ந்து, 1553ல் போ கோட்டையில் பிரான்சின் நான்காம் ஆன்ரி பிறந்தார். ஃபேபூஸ் செங்கல்லில் எழுப்பிய கோபுரம் அந்தக் கோட்டையில் இன்றும் நிற்கிறது. பெயார்னைப் பிரான்சோடு முறையாகச் சேர்க்க 1620ல் பதின்மூன்றாம் லூயி படையோடு வர வேண்டியிருந்தது.

மோந்தானேர் கோட்டைக்குத் தனி இழை தொடங்கலாம் என்றிருக்கிறேன். வாசலில் ‘ஃபேபூஸ் என்னைக் கட்டினான்’ என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்.

குறும்பன்

சிப்பிப்பாறை அண்ணே, அந்த வேட்டைப் புத்தகம் படத்தோட எங்க பார்க்கலாம்?

சிப்பிப்பாறை_ரசிகன்

பாரிஸ் தேசிய நூலகத்தில் 616 என்ற எண்ணுள்ள பிரெஞ்சுச் சுவடி. அவர் இறந்து சில பத்தாண்டுகளுக்குள் எழுதிய பிரதி, 87 வண்ண ஓவியங்கள். நூலகத்தின் கலிகா தளத்தில் இலவசமாகப் புரட்டலாம். நாய்களுக்கு மருந்து போடும் பக்கத்தை முதலில் பாருங்கள், ஒருவர் நாயின் வாயைத் திறந்து பல் பார்க்கிறார், இன்னொருவர் பாதத்தைக் கழுவுகிறார்.